மோதல் அல்ல, வன்கொடுமை: தேர்தல் செய்தியில் சேரி
(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு, மேல்மலையனூர்)



அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவில் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலருக்குத் தோன்றலாம். பொருத்தம்தான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினார். கையில் காசில்லாத காலத்தில் இவர்கள் ஏன் பத்திரிகை நடத்தினார்கள்? பிறர் நடத்தும் ஏட்டில் நம்முடைய செய்தி எந்தச் சொல்லில் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். நானும் இன்று ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ‘மோதல்’ என்ற சொல்.

தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சி ஒருதலைப்பட்சமாக நடக்கிறது என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே சேனலின் பெயரைச் சொன்னாலே கட்சியின் பெயர் தெரிந்துவிடும். 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன். 2001 ஜூன் 30 அதிகாலை மு. கருணாநிதி கைது செய்யப்பட்டபோது சன் ஒரு காட்சியைக் காட்டியது, ஜெயா வேறொரு காட்சியைக் காட்டியது. இரண்டையும் பார்த்து நடுவில் எங்கோ உண்மை இருக்கும் என்று எடுத்துக்கொள்ள நம் மக்கள் பழகிவிட்டார்கள். தேசிய அளவிலும் இதே கதைதான். 2023 செப்டம்பரில் இந்தியா கூட்டணி, 14 நெறியாளர்களின் நிகழ்ச்சிகளுக்குப் போவதில்லை என்று அறிவித்தது. 2024 ஜூன் 1 மாலை பெரும்பாலான சேனல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கணித்தன. வந்தது 293.

இவையெல்லாம் கட்சிச் சார்பு. கட்சிச் சார்புக்கு ஒரு மாற்று உண்டு. ரிமோட்டை அழுத்தினால் எதிர்க்கட்சியின் சேனல் வந்துவிடும். ஆனால் சேரி தாக்கப்படும்போது சேனலை மாற்றினாலும் சொல் மாறுவதில்லை. நாம் கவலைப்பட வேண்டிய சார்பு அதுதான்.

2019 ஏப்ரல் 18. நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பி, சிதம்பரம் தனித்தொகுதியைச் சேர்ந்த ஊர். தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். அன்று தலித் குடியிருப்புக்குள் ஒரு கும்பல் புகுந்து சுமார் 20 வீடுகளை அடித்து நொறுக்கியது. ஓடுகள் உடைந்தன, வண்டிகள் உடைந்தன, மனிதர்கள் காயமடைந்தார்கள். கைப்பேசியில் எடுத்த காணொளிகள் வெளியே வந்ததால்தான் நாடு பார்த்தது. பல செய்திகளில் இதற்கு வைக்கப்பட்ட பெயர் ‘மோதல்’. ‘இரு தரப்பினரிடையே மோதல்’.

இந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மோத வேண்டுமென்றால் இரண்டு பேர் எதிரெதிரே வர வேண்டும். இங்கே ஒரு தரப்பு தன் தெருவில், தன் வீட்டில் இருந்தது. இன்னொரு தரப்பு அங்கே வந்தது. யார் யாருடைய தெருவுக்குப் போனார்கள் என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் ‘மோதல்’ என்ற சொல் நிற்காது. அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. மாறாக, இரவு விவாதத்தில் இரு தரப்புக்கும் சமமான நிமிடங்கள் கொடுக்கப்படுகின்றன. வீட்டை இழந்தவருக்கும் வீட்டை உடைத்தவர்களின் பிரதிநிதிக்கும் சம நேரம் கொடுத்துவிட்டு, அதற்கு நடுநிலை என்று பெயர் வைக்கிறார்கள்.

சட்டத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ வாக்களிக்கவிடாமல் தடுப்பதும், குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்கும்படி மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(எல்)-இன்படி குற்றம். மாணவத் தோழர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வன்கொடுமை’ என்றால் குற்றவாளி உண்டு, பாதிக்கப்பட்டவர் உண்டு, நிவாரணம் உண்டு. ‘மோதல்’ என்றால் எதிர்வழக்கு உண்டு, சமாதானக் கூட்டம் உண்டு. திரையில் ஓடும் சொல் காவல் நிலையத்துக்கும் போய்ச் சேர்கிறது.

இது 2019இல் தொடங்கியதும் அல்ல. 1999 நாடாளுமன்றத் தேர்தலில் திருமாவளவன் முதன்முதலாக நின்றபோதும் இதே சிதம்பரம் தொகுதியில் வாக்குப்பதிவை ஒட்டித் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. இருபது ஆண்டு இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் ஒரு வரலாறாகச் சேர்த்துச் சொல்வதற்கு எந்த முதன்மை நேர விவாதமும் முன்வரவில்லை என்றால், அதை மறதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அடுத்தது எண்கள். தேர்தல் வந்தால் திரையில் ஒரு வரைபடம் வரும். இந்தத் தொகுதியில் இந்தச் சாதி இத்தனை சதவீதம் என்பார்கள். எங்கிருந்து வந்தது அந்தக் கணக்கு? அனைத்துச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1931இல் நடந்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை முறையாக எண்ணப்பட்டவர்கள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும்தான். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். ஆக, எண்ணப்படாதவர்கள் ‘தொகுதியின் வெற்றியைத் தீர்மானிப்பவர்கள்’ ஆகிறார்கள். எண்ணப்பட்ட நாம் ‘வாக்கு வங்கி’ ஆகிறோம். நம் ஊர் இருக்கும் செஞ்சி சட்டமன்றத் தொகுதி ஆரணி நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது. பக்கத்து விழுப்புரம் தனித்தொகுதி. ஆரணி என்றால் சாதிக் கணக்கு பேசுகிறார்கள். விழுப்புரம் என்றால் ‘தனித்தொகுதி’ என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆரணியில் இருக்கும் தலித் வாக்காளர் என்ன நினைக்கிறார் என்று கேட்க மைக் நீள்வதில்லை.

ஏன் நீள்வதில்லை? செய்தி அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2006இல் டெல்லியை மையமாகக் கொண்ட 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் நிலையில் இருந்த 315 பேரை ஆய்வு செய்தார்கள். ஒரு தலித்தும் இல்லை, ஒரு பழங்குடியும் இல்லை. பொன்பரப்பி நடந்த அதே 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம். பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் ஒன்றுகூட இல்லை. 1945இலேயே அம்பேத்கர், இந்தியாவின் முதன்மைச் செய்தி நிறுவனத்தின் ஊழியர்கள் எல்லோரும் சென்னைப் பிராமணர்கள் என்று சுட்டிக்காட்டி, தீண்டப்படாதோரின் செய்தி வெளியுலகத்துக்குப் போய்ச் சேராததன் காரணத்தை விளக்கினார். தலித் செய்தியாளர்கள் இன்று இல்லாமல் இல்லை. களத்தில் இருக்கிறார்கள். ஆனால் களத்திலிருந்து அவர்கள் ‘தாக்குதல்’ என்று எழுதி அனுப்பினாலும், அதை ‘மோதல்’ என்று திருத்தும் அதிகாரம் மேசையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்? மூன்று வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, பதிவு. அடுத்த தேர்தலில் ஒவ்வொரு கல்லூரி மாணவர் வட்டமும் ஒரு சேனலை எடுத்துக்கொள்ளட்டும். விவாதத்தில் யார் அமர்ந்தார்கள், தலித் பகுதியிலிருந்து என்ன செய்தி வந்தது, எந்தச் சொல்லில் வந்தது என்று நாள்தோறும் குறித்து வையுங்கள். ஆய்வுக்கு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இரண்டு, புகார். 2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி எந்தப் பார்வையாளரும் சேனலுக்கு எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். 15 நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். ‘வன்கொடுமை வழக்கு பதிவான சம்பவத்தை ஏன் மோதல் என்றீர்கள்?’ என்று நூறு கடிதம் போகட்டும்.

மூன்று, கோரிக்கை. எங்களுக்கு எந்தச் சார்பும் இல்லை என்று சொல்லும் தமிழ்ச் சேனல்கள், தங்கள் செய்தி அறையில் யார் யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்ற சமூகக் கணக்கை வெளியிடட்டும். தொகுதியின் சாதிக் கணக்கைத் தினமும் சொல்பவர்களுக்குத் தங்கள் அலுவலகத்தின் கணக்கைச் சொல்வது கடினமாக இருக்காது.

அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு இந்த ஊருக்குக் கேமரா வருகிறது. வாக்குப்பதிவு நாளிலும் அது வரட்டும். வந்தால், ஊர்த் தெருவோடு நின்றுவிடாமல் காலனி வரைக்கும் வரட்டும். வராத இடத்தில் நம் பிள்ளைகளின் கைப்பேசி இருக்கிறது. பொன்பரப்பியை நாடு பார்த்தது அதனால்தான். எடுக்கும் காணொளிக்கு என்ன பெயர் வைப்பது என்பதையும் இனி நாமே தீர்மானிப்போம்.

ஜெய்பீம்.