குறுந்தொகையின் நாற்பதாம் பாடல்: வடிவும் அணியும்



செய்யுள் பயிலும் மாணவர் பலர் பொழிப்புரையை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகின்றனர். பொருள் இன்னது என்று அறிந்தால் மட்டும் போதாது. அது எவ்வாறு உரைக்கப்பட்டது என்றும் காணவேண்டும். நான்கடி முதல் எட்டடி வரையிலான பாடல்களின் தொகுப்பாகிய குறுந்தொகையில் 40ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம்.

குறிஞ்சித் திணையில் அமைந்த ஐந்தடிப் பாடல் அது. களவில் கூடிய தலைவி, தலைவன் பிரிவானோ என அஞ்சுகிறாள். குறிப்பறிந்த தலைவன் கூறும் தேறுதல் மொழியே பாட்டு. முதல் மூன்றடிகளும் வினாக்கள். அன்னையர்க்குள் உறவு என்ன, தந்தையர் எவ்வகைச் சுற்றம், நமக்குள் முன்னறிமுகம் ஏது என்பன அவை. அடிதோறும் இருவர் இருவராக 'உம்' என்னும் இடைச்சொல்லால் எண்ணப்படுகின்றனர்.

யாப்பு நேரிசை ஆசிரியப்பா. ஆதலின் ஈற்றயலடி முச்சீராய்க் குறுகும். அக்குறுகிய அடியில்தான் உவமை நிற்கிறது: செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர். வினாக்கள் நாற்சீரில் நடக்க, விடை முச்சீரில் வந்துவிடுகிறது. முதல் மழைக்குப்பின் நம் ஏரிக்கு ஓடிவரும் செந்நீரைக் காணுங்கள். மண் வேறு, நீர் வேறு என்று யாரால் பிரித்துக்காட்ட இயலும்? ஈற்றடியில் 'நெஞ்சம்' என்பது ஒருமை வடிவில் நிற்க, வினைமுற்று பன்மை காட்டுகிறது. இருவர் உள்ளமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

இப்புலவர் சாதியை மறுத்துப் பாடினார் என்று நான் கூறவில்லை. பாட்டில் இல்லாததை அதன்மேல் ஏற்றுதல் ஆய்வாகாது. ஆனால் பிறப்பையும் உறவையும் பற்றி வினவி, அவற்றிற்கு உறவுமுறையால் விடை கூறாமல் மண்ணையும் மழையையும் காட்டினார் என்பது பாட்டிலேயே உள்ளது. 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்னும் கேள்வியைப் பள்ளியிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

இவ்வுவமையே புலவர்க்குப் பெயராகி, அவர் செம்புலப் பெயனீரார் எனப்பட்டார். அவருடைய இயற்பெயரோ குடியோ ஏட்டில் இல்லை, பாட்டு நிற்கிறது.

இளைஞர்களே, உரைநூலைச் சற்று மூடிவைத்து, பாடலைச் சீர் பிரித்து நீங்களே படியுங்கள். எந்தச் சொல் ஏன் அவ்விடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். வேறு தகுதி எதுவும் வேண்டியதில்லை.