எல்லையில் நிற்கும் சர்க்கரை



ஆயுள் காப்புக்காகவோ, அலுவலகத்தில் நடைபெறும் மருத்துவச் சோதனைக்காகவோ நம்மில் பலர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறோம். முடிவைப் பார்த்தவர், "சர்க்கரை சற்றுக் கூடுதல், எல்லையில்தான் இருக்கிறது, நோய் இல்லை" என்கிறார். ‘நோய் இல்லை’ என்ற சொல் மட்டும் நம் காதில் நிற்கிறது. தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அலமாரியில் கிடக்கும் அந்தத் தாளைப் பற்றித்தான் இன்று நாம் பேச இருக்கிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்ற பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாயின. 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி நம் நாட்டில் நீரிழிவு நோயாளர் ஏறக்குறைய 10 கோடியே 10 இலட்சம் பேர் என்றும், அந்நோய்க்கு முந்திய நிலையில் இருப்பவர் 13 கோடியே 60 இலட்சம் பேர் என்றும் அது மதிப்பிட்டது. நோயுற்றாரினும் நோயின் வாயிலில் நிற்போரே மிகுதி. வாயிலில் நிற்பவர் உள்ளே சென்றாக வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. திரும்பி வரவும் வழி உண்டு.

முதலில், ‘எல்லை’ என்பது யாதெனப் பார்ப்போம். இரவு முழுவதும் ஒன்றும் உண்ணாமல் காலையில் எடுக்கும் இரத்தத்தில், 100 மில்லி லிட்டருக்குச் சர்க்கரை 100 மில்லி கிராமுக்குக் கீழ் இருப்பின் அது இயல்பு. 126-ஐ எட்டினால் நீரிழிவு. இடைப்பட்ட 100 முதல் 125 வரை உள்ளதே முந்திய நிலை. உலக சுகாதார நிறுவனம் இதனை 110-லிருந்து கணக்கிடுகிறது. வெறும் வயிற்றுச் சோதனை ஒன்றே போதும் என்று எண்ணலாகாது. அதில் இயல்பாகத் தோன்றும் சிலருக்கு உணவுக்குப் பின் சர்க்கரை ஏறிவிடுகிறது. ஆதலால் 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 2 மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கிறார்கள். அப்போது 140 முதல் 199 வரை இருப்பின் அதுவும் முந்திய நிலையே. மூன்று மாத காலச் சராசரியை ஒருவாறு காட்டும் எச்.பி.ஏ.1சி என்னும் சோதனையில் 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை உள்ளவரும் இவ்வகையினரே. இரத்தசோகை உடையவர்களுக்கு இச்சோதனை பிழைபடக்கூடும். அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

உடலுக்குள் நிகழ்வது என்ன? உண்ட சோறும் சப்பாத்தியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை தசைகளுக்குள் புகக் கதவைத் திறந்துவிடுவது கணையம் சுரக்கும் இன்சுலின். வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்புச் சேர்ந்து, தசைகளும் உழைப்பின்றிக் கிடந்தால், கதவு எளிதில் திறப்பதில்லை. கணையம் இன்னும் மிகுதியாகச் சுரந்து ஈடு கொடுக்கிறது. பல ஆண்டுகள் இவ்வாறு உழைத்துக் களைத்த கணையம் ஒருநாள் பின்தங்குகிறது. இத்தனையும் நடக்கும்போது வலி இல்லை, தாகம் இல்லை, யாதோர் அறிகுறியும் இல்லை. அறிகுறிக்காகக் காத்திருப்பவர் காலங்கடந்தே விழித்துக்கொள்கிறார்.

நமக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவரை மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். வயது 42. தந்தைக்கு நீரிழிவு உண்டு. அவரது இடுப்புச் சுற்றளவு 96 சென்டி மீட்டர். இந்திய ஆடவருக்கு 90-ம் பெண்டிருக்கு 80-ம் மேல் போகாதிருத்தல் நலம். அவரது தாளில் உள்ள எண் 112. நாள்தோறும் நான்கு முறை காப்பி. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. அதுவே ஏறத்தாழ 40 கிராம் ஆகிவிடுகிறது. பகலில் சோறு நிறைய, காய்கறி தொட்டுக்கொள்ளும் அளவு. இரவு ஒன்பதரைக்கு உணவு, உடனே உறக்கம். இவர் பெருந்தீனிக்காரர் அல்லர். நம் எல்லோரையும் போன்றவரே.

இவர் எதுவும் செய்யாதிருந்தால் என்ன ஆகும்? சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் முதலானோர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. குளுக்கோஸ் சோதனையில் முந்திய நிலை கண்ட 531 பேர் அதில் சேர்ந்தனர். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில், மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் சீர்செய்துகொண்ட பிரிவில் அது நூற்றுக்கு 39. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. எனினும் பயன் கிட்டியது. ஆகவே, ‘நடந்து பார்த்தேன், எடை குறையவில்லை’ என்று பாதியில் விட்டுவிடலாகாது. பருமன் உடையவர்கள் எடையையும் குறைத்தால் பயன் மேலும் கூடும். 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதும் இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது.

இனி உணவு. நம் நாட்டில் தெற்கிலும் கிழக்கிலும் அரிசி, வடக்கிலும் மேற்கிலும் கோதுமை முதலிய தானியங்கள். எதுவாயினும் தட்டில் பெரும்பங்கு மாவுச்சத்தே. தட்டின் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றுள் ஒன்றாகட்டும். எஞ்சிய கால் பங்கே சோறோ சப்பாத்தியோ ஆகுக. வெல்லமும் தேனும் சர்க்கரையின் உறவினரே. பழத்தைச் சாறாக்காமல் கடித்து உண்பது நன்று. கேழ்வரகு நல்ல தானியம். ஆயினும் அதனை நைய அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் அதுவும் விரைவில் சர்க்கரையாகிவிடும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது நீடிப்பதில்லை. சமைக்கும் அம்மையாருக்கும் குழந்தைகளுக்கும் அதே தட்டு நன்மை செய்வதால், குடும்பம் முழுவதும் மாறுவதே முறை. கருவுற்ற காலத்தில் சர்க்கரை கூடியிருந்த பெண்கள் பிற்காலத்தில் தம்மைத் தவறாது சோதித்துக்கொள்ள வேண்டும். பிறருக்குப் பரிமாறிவிட்டுத் தம் உடலை மறப்பவர்கள் அவர்களே அன்றோ!

நடை நாள்தோறும் 30 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்னும் வேகத்தில். உழைக்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உணவுக்குப் பின் 10 நிமிடம் உலாவுவதும் வீண் அன்று. வாரம் இருமுறை தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை. நாற்காலியிலிருந்து கைப்பிடி பற்றாமல் பதினைந்து முறை எழுந்து அமர்வதும் அத்தகையதே. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக. மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதும் அவர் கூற வேண்டியதே.

சோதனையோ ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேண்டும். முப்பது வயதைக் கடந்தோருக்கு அரசு சுகாதார நிலையங்களில் இச்சோதனை செய்யப்படுகிறது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி 15 விழுக்காடு வரை முன்பின் காட்டக்கூடும். அதனைக் கொண்டு நோயை உறுதி செய்வதில்லை. எந்த உணவு நமக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்று எப்போதாவது பார்த்து அறிய அது உதவும். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் உடன் பார்த்துக்கொள்வது அவசியம். ஏனெனில் இந்நிலையிலேயே இதயத்துக்கு ஆபத்து கூடத் தொடங்குகிறது. புகை பிடிப்பவர் அதனை அறவே நிறுத்த வேண்டும்.

ஓராண்டு சென்றபின் நம் குமாஸ்தாவின் எண் 98 ஆக இருக்கலாம். 108 ஆகவும் இருக்கலாம். 98 எனில் பழைய காப்பிக்குத் திரும்பலாம் என்பது பொருளன்று. அவரது உடலின் இயல்பு மாறிவிடவில்லை, பழக்கமே அதனைத் தாங்கி நிற்கிறது. 108 எனில் அது தோல்வியும் அன்று; ஏறியிருக்க வேண்டியது ஏறவில்லை. நீரிழிவு ஓரிரு ஆண்டு தள்ளிப்போனாலும், கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கால் நரம்புக்கும் அத்தனை ஆண்டு பாதுகாப்புக் கிடைத்ததாகும்.

ஆகவே நேயர்களே, அந்தத் தாளை இன்றே அலமாரியிலிருந்து எடுப்போம். அதிலுள்ள தேதியைப் பார்ப்போம். ஓராண்டு கடந்திருப்பின் நாளைக் காலை ஒன்றும் அருந்தாமல் புறப்படுவோம். அருகில் எனில், நடந்தே செல்வோம்.