கார்னரில் ஒரு நிமிடம்



குத்துச்சண்டை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மூக்கில் ரத்தம், விழுந்தவன் பக்கத்தில் நின்று நடுவர் எண்ணுவது, கூட்டத்தின் கூச்சல். அதெல்லாம் உண்டுதான். நான் பேச வந்தது மணி அடித்த பிறகு வரும் ஒரு நிமிடத்தைப் பற்றி. இரண்டு ரவுண்டுக்கு நடுவில் வீரன் தன் மூலைக்கு வந்து ஸ்டூலில் உட்காருகிறானே, அந்த ஒரு நிமிடம். கார்னர் என்போம். இத்தனை வருஷம் இந்த விளையாட்டோடு கிடந்ததில் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான இடம் அதுதான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்தது கொருக்குப்பேட்டை. பிழைப்பு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி உருட்டும் ரோலிங் மில்லில். ஷிப்டு முடிந்ததும் லோக்கல் ரயிலைப் பிடித்துப் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தாண்டி, கொருக்குப்பேட்டையில் இறங்கி நேராகப் பயிற்சிக்குப் போவேன். பிறகு மில் பக்கமே குடிவந்துவிட்டோம். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலி மைதானத்தில் நாலு சவுக்குக் கட்டையை நட்டு, கயிறு கட்டி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கோணிப்பையில் மணலும் கந்தல் துணியும் அடைத்துத் தொங்கவிட்டால் மூட்டை தயார்.

வடசென்னைக்காரனுக்குக் குத்துச்சண்டை எப்படி வந்தது என்பது தனிக் கதை. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தாரும் ஆங்கிலோ இந்தியர்களும் ஆடிய ஆட்டத்தைத் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று ‘பரம்பரை’ எனப்படும் குழுக்கள் உண்டாயின. ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுவார்கள். அந்தக் காலத்து வீரர் கித்தேரி முத்துவின் பெயரைச் சொல்லும்போது எங்கள் தாத்தா தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். 2021-ல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு இதெல்லாம் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதனால் நான் நீட்டவில்லை. கார்னருக்கே போகிறேன்.

இப்போதைய அமெச்சூர் ஆட்டத்தில் மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். நடுவில் ஒவ்வொரு நிமிடமாக இரண்டு இடைவேளை. ஆக மொத்தம் பதினோரு நிமிடத்தில் ஒன்பது நிமிடம் வீரனுக்கு, இரண்டு நிமிடம் வாத்தியாருக்கு. எங்கள் பக்கத்தில் பயிற்சியாளரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். நான் பழகிய காலத்தில் ரவுண்டு நடக்கும்போது அவர் யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. பார்த்ததையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு தவிக்க வேண்டும். மணி அடித்ததும் கயிற்றுக்குள் நுழைந்து, ஸ்டூலைப் போட்டு, பையனை உட்காரவைத்து, மவுத் கார்டை எடுத்துக் கழுவி, வாயைக் கொப்பளிக்க வைத்து, பிடரியில் ஐஸ் வைக்க வேண்டும். சரியாகப் பத்து விநாடி பாக்கி இருக்கும்போது ‘செகண்ட்ஸ் அவுட்’ என்று குரல் வரும். இறங்கியே ஆக வேண்டும்.

என் வாத்தியார் அந்த நிமிடத்தின் முதல் பாதியில் வாயே திறக்கமாட்டார். மூச்சு அடங்கட்டும் என்று விட்டுவிடுவார். இடுப்புப் பட்டியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடிப்பார், வயிறு விரிந்து காற்று உள்ளே போகும். அப்புறம் ஒரே ஒரு சொல். “கண்ணு, இடது கை கீழ வருது, தூக்கு.” அவ்வளவுதான். “மூணு விஷயம் சொன்னா ஒண்ணுகூட ஏறாதுடா. அடி வாங்கினவன் காது, அதுல ஒண்ணுதான் நுழையும்” என்பார். அந்த ஒன்றைப் பொறுக்கி எடுப்பதில்தான் அவருடைய வித்தை முழுக்க இருந்தது. மூன்று நிமிடத்தில் பார்த்த ஐம்பது தப்பில் எதைத் திருத்தினால் மற்றவை தானாகத் திருந்தும் என்று அந்த அரை நிமிடத்தில் முடிவு செய்வார்.

1980 ஜனவரியில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. எதிரே ஜிம்மி எல்லிஸ். மாமா என்னை அழைத்துக்கொண்டு போனார். அலிக்கு அப்போது 38 வயது, உடம்பு கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் கால்! கேலரியில் இருந்து பார்க்கிறேன், அவ்வளவு பெரிய உடம்பு தரையைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எல்லோரும் கையைப் பார்க்க, மாமா என் தலையைத் தட்டி “காலப் பாருடா” என்றார். அந்தப் பயணத்தில்தான் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர், மாஸ்கோ ஒலிம்பிக் புறக்கணிப்புக்கு ஆதரவு திரட்ட அலியை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். இந்தியாவில் இருந்தே அவர் தான்சானியாவுக்குப் புறப்பட்டார். எங்களுக்கு அந்த அரசியல் ஒன்றும் புரியாத வயசு. தண்டையார்பேட்டையில் இருந்து எண்ணூர் வரைக்கும் தெருவில் அத்தனை பையன்களும் குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தோம்.

அந்த ஜிம்மி எல்லிஸ் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அலியும் அவரும் லூயிவில் ஊரில் சிறு வயசில் இருந்து சேர்ந்து வளர்ந்தவர்கள். இருவருக்கும் வாத்தியார் ஒரே ஆள், ஏஞ்சலோ டண்டி. 1971-ல் ஹூஸ்டனில் அலியும் எல்லிஸும் நேருக்கு நேர் மோதியபோது டண்டி எல்லிஸின் கார்னரில் நின்றார். அலியே எதிர் மூலையில். ஆட்டத்தில் அலி ஜெயித்தார், அதன் பிறகு டண்டி மறுபடி அலியின் கார்னருக்கே திரும்பினார். ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. நம் பரம்பரைகளில் இப்படி ஒன்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமாவும் அவர் நண்பர்களும் ராத்திரி முழுக்கப் பேசுவார்கள்.

டண்டியின் பெயர் எடுத்தாலே எனக்கு 1964 பிப்ரவரி 25 ஞாபகம் வரும். மியாமியில் சன்னி லிஸ்டனோடு சண்டை. அலிக்கு அப்போது கேஷியஸ் கிளே என்று பெயர், வயசு 22. நாலாவது ரவுண்டு முடிந்து வருகிறார், கண் எரிகிறது, பார்வை தெரியவில்லை. கையுறையை அறுத்துவிடச் சொல்கிறார், ஆட்டம் வேண்டாம் என்கிறார். டண்டி கண்ணைக் கழுவித் துடைத்து, எழுப்பி நிறுத்தி, ஓடிக்கொண்டே இரு என்று உள்ளே தள்ளிவிட்டார். ஐந்தாவது ரவுண்டு பெரும்பாலும் பார்வை இல்லாமலே ஓடினார் அலி. கண் தெளிந்தது. ஏழாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது ஸ்டூலை விட்டு எழாதவர் லிஸ்டன்தான். கிளே உலகச் சாம்பியன். உலகம் அறிந்த அலி அந்த ஒரு நிமிடத்தில் பிழைத்தவர்.

இதற்கு நேர் எதிர் இன்னொன்று. 1975 அக்டோபர் 1, மணிலா. அலியும் ஜோ பிரேசியரும் பதினான்கு ரவுண்டு அடித்துக்கொண்டார்கள். இன்னும் ஒரே ரவுண்டு. பிரேசியரின் கண்கள் வீங்கிக் கிடக்கின்றன, வருகிற குத்து அவருக்குத் தெரியவில்லை. எழப் பார்க்கிறார். அவருடைய வாத்தியார் எடி பச் தோளில் கை வைத்து உட்காரவைத்துவிட்டார். போதும் என்று நடுவருக்குச் சொல்லிவிட்டார். ரிங்கில் அடிபட்டு உயிர் விட்டவர்களைத் தன் காலத்தில் பார்த்த மனிதர் அவர். எதிர் மூலையில் அலியும் நிற்கக்கூட முடியாத நிலையில் இருந்தார். மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று இன்று வரை வாதாடுகிறவர்கள் உண்டு. என்னிடம் கேட்டால், இந்த விளையாட்டில் நான் கேள்விப்பட்ட எல்லா வெற்றியையும்விட எடி பச் அன்று வைத்த கைதான் பெரிது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நான் கண்ணால் பார்த்தது ஒன்று இருக்கிறது. பரம்பரைச் சண்டை ஒன்றில் எங்கள் வாத்தியார் மூத்த அண்ணன் ஒருவருக்குக் கார்னர் பார்த்தார். அண்ணன் விழவில்லை. கைகூடத் தாழவில்லை. ஆனால் இடைவேளையில் வாத்தியார் ஏதோ கேட்டார், அண்ணன் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானது. அவ்வளவுதான். தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை எடுத்து ரிங்குக்குள் போட்டுவிட்டார். கூட்டம் கொதித்தது. செருப்பும் சோடா பாட்டிலும் பறந்தன. எங்கள் ஆட்களே வாத்தியாரின் முகத்தில் விழிக்காமல் கொஞ்ச காலம் சுற்றினார்கள். பரம்பரை மானம் போச்சு என்றார்கள். அந்த அண்ணன் அப்புறம் துறைமுகத்தில் வேலை பார்த்து, பெண்ணுக்குக் கல்யாணம் செய்து, இன்றைக்கும் தெளிவாகப் பேசிக்கொண்டு, பேரனை ஸ்கூலுக்கு அழைத்துப் போகிறார். அப்படித் துண்டு விழாத ஆட்டங்களும் இருந்தன. சாவும் கலவரமும் நடந்து, போலீஸ் அனுமதி கிடைக்காமல், ரோஷமான சண்டை மெல்ல நின்றுபோனது. போஸ்டர் ஒட்டிய சுவர்களை நினைத்து நானும் ஏங்குகிறவன்தான். ஆனால் பதில் தாமதமானதைக் கவனித்த அந்தக் காதுக்காகத்தான் அதிகம் ஏங்குகிறேன்.

மில்லுக்கு வருகிறேன். பழைய ரோலிங் மில்லில் ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்த கம்பி உருளையில் இருந்து சீறிக்கொண்டு வரும். அதைக் கிடுக்கியால் கவ்வி, உடம்பைத் திருப்பி, அடுத்த உருளைக்குள் செருக வேண்டும். காலை எங்கே வைக்கிறோம் என்பதுதான் அங்கே உயிர். இந்த வேலை செய்த பையன்களுக்கு ரிங்கில் கால் பழக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. பழவேற்காட்டுப் பக்கத்து மீனவப் பையன் ஒருவன் எங்கள் மில்லில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டே என்னிடம் பழகினான். ஒரு போட்டியில் இடது கைக்காரன் எதிரில் மாட்டினான். முதல் ரவுண்டு முழுக்க இடது நேர்க்குத்தாக வாங்கினான். கார்னரில் வந்து உட்கார்ந்தபோது எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. “தம்பி, அவன் வலது காலுக்கு வெளியே உன் இடது காலை வை” என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. இரண்டாவது ரவுண்டில் பாதியில் கால் பிடிபட்டது. மூன்றாவது ரவுண்டு முழுக்க அவனுடையது. தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு என்று எதிராளிக்குப் போனது. இறங்கி வந்தவன் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, முதல் ரவுண்டுக்கு முன்னாடியே இத சொல்லியிருக்கலாமே?” சொன்னாலும் அவனுக்கு அப்போது விளங்கியிருக்காது. அடி வாங்கிய பிறகுதான் அந்தக் கால் அவனுக்குத் தேவைப்பட்டது.

இப்போது சிப்காட்டில் வெளி மாநிலத்துப் பிள்ளைகள் நிறைய. மணிப்பூர்ப் பையன் ஒருவன் வந்தான். தமிழ் தெரியாது. எனக்கு அவன் பாஷை தெரியாது. மேரி கோம் என்றேன், சிரித்தான். டிங்கோ சிங் என்றேன், எழுந்தே நின்றுவிட்டான். டிங்கோ 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியவர், மேரி கோமை இந்த விளையாட்டுக்கு இழுத்தவர். அதே பாங்காக்கில் 1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய எங்கள் ஊர் தேவராஜனைப் பற்றி அவனுக்குச் சைகையிலேயே சொன்னேன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் ஆடியவர், 1995-ல் அர்ஜுனா விருது பெற்றவர். இந்த மணிப்பூர்ப் பையனுக்குக் கார்னர் பார்ப்பது எப்படி? இடது தோளைத் தட்டினால் இடது கை, தொடையைத் தட்டினால் நகர்ந்து ஆடு என்று பேசி வைத்துக்கொண்டோம். பேசி வைத்துக்கொண்டோம் என்கிறேன், பேச்சே கிடையாது. நான் தட்டியதை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை. என் வாத்தியார் இருந்திருந்தால் இதைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.

நேரம் நெருங்குகிறது என்று வானொலி நிலையத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். கைக்கட்டுத் துணி சுற்றும் முறை, தலைக் கவசம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு, 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸுக்குத் தீர்ப்பில் நடந்த அநியாயத்துக்குப் பிறகு பார்சிலோனாவில் வந்த, புள்ளி போடும் பொத்தான் இயந்திரம், எல்லாம் குறித்து வைத்திருந்தேன். இன்னொரு நாள் பார்ப்போம். பெண் பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்லாமல் எழ மனம் இல்லை. வியாசர்பாடிக் குத்துச்சண்டை வீராங்கனை துளசி ஹெலனைப் பற்றி நார்வேயில் இருந்து வந்த இரண்டு பெண்கள் படம் எடுத்து, 2013-ல் அது வெளியானது. அவர் ஊரைத் தாண்டி நாலு ஸ்டேஷன் வந்தால், எத்தனையோ பெண்கள் ரிங்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, உங்கள் பெண் கேட்டால் அனுப்பிவையுங்கள். கார்னரில் யார் நிற்பது என்று மட்டும் நீங்களே வந்து பார்த்து முடிவு செய்யுங்கள். பிள்ளை சொல்லும் பதில் தாமதமானால் அவர் கவனிப்பாரா என்று பாருங்கள்.

கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் நடுவே எங்காவது ஒரு நல்ல ரிங், கூரையோடு, சவுக்குக் கட்டை இல்லாமல், என் காலத்திலேயே வந்துவிடும் என்று நம்புகிறேன். அதுவரை நீங்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை டிவியில் குத்துச்சண்டை பார்க்கும்போது மணி அடித்ததும் எழுந்து காபி போடப் போகாதீர்கள். உட்கார்ந்து அந்த ஒரு நிமிடத்தைப் பாருங்கள்.