வேலூர்ப் புரட்சிப் படத்தில் எதைக் குறிப்பது?

(ஆம்பூர்க் கூட்டமொன்றில் பேசியது)



1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி வேலூரில் நடந்த சிப்பாய்ப் புரட்சிக்கு ஞாபகார்த்தமாக ஒரு தேசப்படம் எழுதி இங்கு மாட்ட வேண்டுமென்று சொன்னீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதில் எதையெதைக் குறிப்பது என்பதை யோசிக்க வேண்டாமா?

கோட்டையையும் அகழியையும் மட்டும் எழுதினால் அது வேடிக்கை பார்க்க வருகிறவனுக்கு வழிகாட்டுமே தவிர, புரட்சிப் படமாகாது. கிழக்கே சுமார் 15 மைலிலுள்ள ஆற்காட்டைக் குறியுங்கள். விடியுமுன் சிப்பாய்கள் பிடித்த கோட்டையை, கில்லெஸ்பி என்ற வெள்ளைக்காரத் தளபதி அங்கிருந்து குதிரைப்படையோடு வந்து அன்றே திரும்பப் பிடித்தான். திப்புவின் மக்கள் காவலிலிருந்த அரண்மனையையும் குறியுங்கள். அதற்குள் புகுந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ராஜகுமாரர்களுக்குச் சரித்திரத்தில் இடமிருக்கிறது. அந்தச் சுவருக்குப் படத்திலாவது இடம் வேண்டும். வெள்ளைச் சிப்பாய்களும் நூற்றுக்கு மேல் அன்று கொல்லப்பட்டார்கள். அதையும் மறைக்க வேண்டாம்.

வேலூரோடு நில்லாமல் வாலாஜாபாத், ஐதராபாத், நந்திதுர்க்கம், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களுக்கும் புள்ளி வையுங்கள். அதே வருஷம் அங்கும் சிப்பாய்களிடையே கொந்தளிப்பு ஏற்பட்டது.

இவ்வளவுக்கும் காரணமென்ன? நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடு, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று கம்பெனி உத்தரவு. மறுத்தவர்களுக்குக் கசையடி. அடிபட்டவர்களில் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு.

ஒருவன் தலையில் எதை வைக்க வேண்டுமென்று எஜமான் உத்தரவிடுவது மானக்கேடு. அதை எதிர்த்தது வீரம். இதில் இரண்டு அபிப்பிராயமில்லை. ஆனால் பசுத்தோலோ, பன்றித்தோலோ என்ற தீட்டுப் பயமும் அந்தக் கோபத்தில் கலந்திருந்ததை நாம், தோலில் பிழைக்கிற ஊர்க்காரர்கள், பேசாமலிருக்கலாமா? மத்தளத்தின் தோலுக்குக் கோவிலுக்குள் இடமிருந்தது. அந்தத் தோலை உரித்துப் பதனிட்டவனுக்கு இடமில்லாமலிருந்தது. இது எந்த வெள்ளைக்காரன் போட்ட உத்தரவு?

ஆகையால் பாலாற்றை எழுதும்போது அதன் கரையிலுள்ள வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை என்ற தோல் ஊர்களையும் எழுதுங்கள்.

தலைப்பாகை உத்தரவை 1806-லேயே கம்பெனி வாபஸ் வாங்கிற்று. கவர்னர் பெண்டிங்கும், சேனாதிபதி கிராடக்கும் 1807-ல் திரும்ப அழைக்கப்பட்டார்கள். தோலைத் தொட்டவன் தாழ்ந்தவன் என்ற உத்தரவோ 1950-ல்தான் அரசியல் சட்டப்படி ஒழிந்தது. மனதிலும் ஒழிந்ததா என்பதை, தோழர்களே, உங்கள் தெருவையும், ஊர்க் கிணற்றையும், சுடுகாட்டையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பிறகு படத்தை மாட்டுவோம்.