ஷாஹிர் அமர் ஷேக்கின் குரலும் மகள் மல்லிகாவின் கேள்வியும்



தாராவியை ஒட்டி மாட்டுங்கா லேபர் கேம்ப் இருக்கிறது. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து தாராவியில் குடியேறிய தமிழ் உழைப்பாளர்களுக்கு அது அண்டை வீடு போன்றது. பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள்கூட முழுதாக உட்காராத அண்ணாபாவ் சாத்தே, அந்த லேபர் கேம்ப்பில் வாழ்ந்துதான் செங்கொடி இயக்கத்தின் பாடகரானார். 1944-ல் அவரும் அமர் ஷேக்கும் கவாண்கரும் சேர்ந்து 'லால் பாவ்டா கலாபதக்' என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தனர். அம்மூவரில் அமர் ஷேக்கைப் பற்றியும், அவருடைய மகளைப் பற்றியும் இன்று பேசியாக வேண்டும்.

அமர் ஷேக் 1916 அக்டோபர் 20 அன்று சோலாப்பூர் மாவட்டம் பார்சியில் பிறந்தார். இயற்பெயர் மெஹபூப் ஹுசைன் படேல். வறுமையில் வளர்ந்தவர், பேருந்து கிளீனராகவும் ஆலைத் தொழிலாளியாகவும் உழைத்தவர். விடுதலைப் போராட்டத்தின் வழியே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்து சேர்ந்தார். மன்னர்களின் வீரம் பாடிய 'போவாடா' என்னும் மராத்தியக் கதைப்பாடலில், ஆலைத் தொழிலாளியையும் விவசாயியையும் நாயகர்களாக்கியது அந்தக் குழு. ஸ்டாலின்கிராடின் வீரத்தை அண்ணாபாவ் போவாடாவாகப் பாடினார். தமாஷா கூத்துக்கு ஆட்சியாளர்கள் தடை விதித்தபோது, அதே கலை 'லோகநாட்டியம்' என்ற பெயரில் மீண்டும் மேடையேறியது. பெயரைத் தடுக்கலாம், பாட்டைத் தடுக்க முடியாது.

1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடிய பாட்டு தமிழ்த் தோழர்களின் நினைவில் இன்றும் நிற்கிறது. அதே காலத்தில் மராத்திய மண்ணில் ஊர் ஊராகச் சென்று, ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்துக்கு மக்களைத் திரட்டியது அமர் ஷேக்கின் குரல். 1960 மே முதல் நாள் அந்த மாநிலம் பிறந்தது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஒருவரை மராத்திய மக்கள் தங்கள் 'ஷாஹிர்' என்று, அதாவது மக்கள் பாடகர் என்று கொண்டாடினார்கள். மதத்தின் பெயரால் மக்களைக் கூறுபோடுவோர் மறைக்க விரும்பும் வரலாறு இது.

1969 ஜூலை 18 அன்று அண்ணாபாவ் மறைந்தார். ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 29 அன்று, சாலை விபத்தில் அமர் ஷேக்கும் மறைந்தார். அப்போது மகள் மல்லிகாவுக்கு வயது பன்னிரண்டு.

பாட்டும் நாடகமும் கவிதையும் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர் மல்லிகா. தாய் குசும் அவர்களும் இயக்கத்தில் இருந்தவர். அடிக்கடி நோயுற்ற அந்தச் சிறுமியைத் தந்தை உயிராக நேசித்தார். பின்னாளில் மல்லிகா, 1972-ல் தலித் பந்தர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கவிஞர் நாம்தேவ் தசாலை மணந்தார். 1984-ல் தன் வாழ்க்கை வரலாற்றை மராத்தியில் வெளியிட்டார். 'நான் நாசமாக விரும்புகிறேன்' என்பது அதன் தலைப்பின் பொருள். தந்தை வீட்டின் அன்பை எழுதிய அதே பேனா, மணவாழ்வில் தான் பட்ட அடியையும் அவமதிப்பையும் ஒளிக்காமல் எழுதியது.

தசாலின் கவிதையையோ பந்தர்களின் தியாகத்தையோ சிறுமைப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சாதிக்கு எதிராக அந்த இயக்கம் மூட்டிய நெருப்பு இன்றும் தேவை. ஆனால் மல்லிகாவின் கேள்வி ஒரு வீட்டோடு முடிவதல்ல. வீதியில் விடுதலை பேசுகிறவன் வீட்டுக்குள் எசமானாக இருக்கலாமா? ஊர் ஊராகப் பாடப் போகிறவனின் வீட்டில் அடுப்பெரிய, குழந்தை பிழைக்க, ஒருத்தி உழைத்தாக வேண்டும். அந்த உழைப்புக்கு மேடையில் கைத்தட்டல் உண்டா? முற்போக்கு இயக்கங்கள் அனைத்தும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

மகள்களின் நினைவில் தந்தை பாடகராக மட்டும் வாழ்வதில்லை. வீடு திரும்பியபோது எப்படிப் பேசினார், தாயை எப்படி நடத்தினார் என்பதும் சேர்ந்தே நிற்கிறது. பன்னிரண்டு வயது வரை கிடைத்த அன்புதான், பின்னர் தனக்கு இழைக்கப்பட்டதை அநீதி என்று அடையாளம் காண மல்லிகாவுக்கு அளவுகோலாயிற்று. எந்தப் போவாடாவுக்கும் குறைந்த கொடையல்ல அது.

அமர் ஷேக்குக்கு அஞ்சலி செலுத்துவது படத்துக்கு மாலை போடுவதோடு முடிந்துவிடலாகாது. தாராவியின் சந்துகளில் பறையும் டஃபும் சேர்ந்து ஒலிக்கட்டும். பறை அடிக்கும் கை, வீடு திரும்பியதும் பாத்திரமும் கழுவட்டும். கலைக்குழுவின் முன்வரிசையில் பெண்கள் நிற்கட்டும். அவர்களின் கேள்விகள் மேடையிலேயே ஒலிக்கட்டும். செங்கொடிக் கலைஞர்களின் பாட்டு அப்போதுதான் வீட்டு வாசலையும் தாண்டி உள்ளே நுழையும்.