கோலத்திலிருந்து கோலம் பிறக்கலாகாது: தொமிமொதோ கென்கிச்சியின் பீங்கான் கலை



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் ஜப்பானியப் பீங்கான் கலைஞர் தொமிமொதோ கென்கிச்சி. 1886ஆம் ஆண்டு பிறந்து 1963ஆம் ஆண்டு மறைந்தவர். இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானில் கலத்தின் மேற்பரப்பை அழகு செய்தவர்களுள் அவரை முதல் வரிசையில் வைத்துப் பேசுவார்கள். அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டளை ஒன்று உண்டு. ஒரு கோலத்தைப் பார்த்து இன்னொரு கோலத்தைப் படைக்கலாகாது என்பதே அது. சொல்வதற்கு எளிய கட்டளைதான். ஆனால், அதன்படி ஐம்பது ஆண்டுகள் வாழ்வது எத்தகையது என்பதையே நாம் இன்று சற்று ஆராய விரும்புகிறோம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிய விளக்கம் தேவைப்படுகிறது. அவர் ஆண்ட ஜப்பானியச் சொல் ‘மொயோ’. துணியிலும் கலத்திலும் சுவரிலும் இடப்படும் அணிவேலைப்பாட்டை அது குறிக்கும். ‘வடிவமைப்பு’ என்று பெயர்த்தால் பொருள் மிக விரிந்துவிடுகிறது. ‘அலங்காரம்’ என்றால் பின்னர் ஒட்டவைத்த ஒன்று என்னும் தொனி வந்துவிடுகிறது. ஆகவே ‘கோலம்’ என்னும் நம் சொல்லையே கொண்டோம். புள்ளியும் கோடும் திரும்பத் திரும்ப வந்து ஒரு பரப்பை நிறைப்பதையும், ஒருவர் பூண்டிருக்கும் தோற்றத்தையும் அச்சொல் ஒருங்கே குறிப்பதால் நம் நோக்கத்திற்கு ஏற்றதாக அமைகிறது.

தொமிமொதோ குயவர் குடியில் பிறந்தவர் அல்லர். நாரா மாநிலத்தில், ஹோர்யூஜி என்னும் பழம்பெரும் பௌத்தக் கோயிலுக்கு அருகே உள்ள அந்தோ என்னும் சிற்றூரில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் கட்டட உள்ளமைப்புக் கலை பயின்றார். 1908ஆம் ஆண்டு இலண்டனுக்குச் சென்று வண்ணக் கண்ணாடி வேலையைக் கற்றார். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நாள்தோறும் அமர்ந்து, அங்கிருந்த பொருள்களை வரைந்து பழகினார். ஆங்கிலேயக் கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மாரிஸின் மீது கொண்ட ஈடுபாட்டால், ஊர் திரும்பிய பின் 1912இல் அவரைப் பற்றி ஜப்பானிய மொழியில் கட்டுரையும் எழுதினார். அதுவரை களிமண்ணைத் தொழிலாக எண்ணி அவர் தொட்டதில்லை.

தொட வைத்தது ஒரு விருந்து. 1911ஆம் ஆண்டு, பெர்னார்டு லீச் என்னும் ஆங்கிலேய நண்பருடன் தோக்கியோவில் ஒரு கூட்டத்திற்குச் சென்றார். (இந்த லீச் சிறுவனாக இருந்தபோது சில காலம் சிங்கப்பூரிலும் வாழ்ந்தவர், அவருடைய தந்தை இப்பகுதியில் குடியேற்ற நாட்டு நீதிபதியாக இருந்தார்.) விருந்தினர்கள் கலங்களில் தூரிகையால் எழுத, அவை மெருகு பூசப்பட்டுச் சிறிய சூளையில் அங்கேயே சுடப்பட்டன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவரவர் எழுதிய கலம் அவரவர் கைக்கே வந்து சேர்ந்தது. லீச் அன்றே மனம் பறிகொடுத்தார். ஆறாம் கென்சான் என்னும் முதிய கலைஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தவர் தொமிமொதோ. ஒருவருடைய பாடத்தை மற்றொருவருக்கு மொழிபெயர்த்தபடியே தாமும் கற்றுக்கொண்டவர் அவர். மொழியாசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் இதைச் சொல்வதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

பின்னர் அந்தோவில் தமக்கென்று சூளை அமைத்தார். குரு மரபு எதுவும் அவருக்கு இல்லை. அதனால் ஒரு சிக்கல் எழுந்தது: கலத்தின்மேல் எதை எழுதுவது? ஜப்பானிலும் சீனாவிலும் கொரியாவிலும் ஆயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்ட பூக்களும் பறவைகளும் அவர் கண்முன் இருந்தன. இலண்டன் அருங்காட்சியகத்தில் பார்த்தவை வேறு நினைவில் நிறைந்திருந்தன. தூரிகையை எடுத்தால் வேறு யாரோ கண்ட பூவே வந்து நின்றது. மேலே சொன்ன கட்டளை இந்த இக்கட்டில் பிறந்ததுதான்.

அவர் ஊர்ப்புறம் சென்று வரைந்தார். வரப்போரத்து முட்செடி, வளைந்து செல்லும் வண்டிப்பாதை, யமாதோ ஆற்றின்மேல் திடீரெனப் பெய்த மழை, நிலவொளியில் மூங்கிற்காட்டருகே நின்ற வீடு ஆகியவற்றை நேரில் கண்டு தாளில் வரைந்தார். வரைந்ததை அப்படியே கலத்திற்கு மாற்றவில்லை. மீண்டும் மீண்டும் வரைந்து, தேவையற்ற கோடுகளை நீக்கி, எஞ்சிய சில கோடுகளையே கோலமாகக் கொண்டார். வளைந்த பாதையும் மழையும் நிலவும் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அவருடைய தட்டுகளில் வந்துகொண்டேயிருந்தன. அவற்றைப் பார்ப்பவர்களுக்கு அவை எளிய கோடுகளாகத்தான் தோன்றும். அந்த எளிமைக்குப் பின்னே நின்ற தாள்கள் எத்தனை என்பதைக் கலம் காட்டுவதில்லை.

1926ஆம் ஆண்டு தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். இக்காலத்தில் அவருடைய கவனம் வெண்பீங்கானில் ஊன்றியது. கோலக் கலைஞர் ஒருவர் கோலமே இல்லாத வெள்ளைக் குடங்களைச் செய்தது முரண்போலத் தோன்றலாம். வெண்பீங்கான் குடத்தை அவர் உடை களைந்த மனித உடலுக்கு ஒப்பிட்டார். உடையால் மறைக்கக்கூடிய குறைகளை அந்த நிலையில் மறைக்க இயலாது. வடிவம் தனித்து நிற்க வேண்டும். நின்ற பிறகே அதற்கு அணி பூட்டலாம். அணியைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாக எண்ணியவரை அணிக்கலைஞர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது என்பது நம் கருத்து.

1936ஆம் ஆண்டு, ஐம்பது வயதில், வண்ணப் பீங்கானுக்குப் பெயர்பெற்ற குதானிப் பகுதிக்குச் சென்று மெருகின்மேல் வண்ணம் தீட்டும் முறையைப் பயின்றார். பீங்கான் முதலில் ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் சுடப்படும். அதன் கண்ணாடி போன்ற மெருகின்மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் முதலிய வண்ணங்களை எழுதி, மறுபடியும் ஏறத்தாழ 800 பாகையில் சுடுவார்கள். பெயர் பெற்ற பின்னும் ஐம்பது வயதில் மாணவராக அமர அவர் தயங்கவில்லை.

இனி அவருடைய புகழ்பெற்ற நான்கிதழ்ப் பூவுக்கு வருவோம். அதன் மூலம், ஜப்பானில் தெய்காக் கொடி என்று வழங்கும், மல்லிகை போல் மணக்கும் வெண்பூக்கொடி. அந்தப் பூவுக்கு இதழ்கள் ஐந்து. தொமிமொதோ அதை நான்காக்கினார். ஏன்? ஐந்து சம பக்கங்களும் சம கோணங்களும் உள்ள வடிவங்களை அடுக்கி ஒரு தளத்தை இடைவெளியின்றி நிரப்ப முடியாது. நான்கு பக்க வடிவங்களால் முடியும். நான்கிதழ்ப் பூ மேலும் கீழும் இடமும் வலமும் தன் அண்டைப் பூவோடு கைகோத்துக்கொண்டு முடிவின்றிச் செல்லும். இயற்கையை நேரில் பார் என்றவர் இயற்கையின் கணக்கை மாற்றிவிட்டாரே என்று கேட்கத் தோன்றும். பார்த்தவருக்கே மாற்றும் உரிமை உண்டு என்று நாம் விடை சொல்வோம். ஐந்து இதழ் இருப்பதை அறியாமல் நான்கு வரைவதும், அறிந்து நான்காக்குவதும் ஒன்றல்ல.

குடத்தின் மேற்பரப்போ தாளைப் போல் தட்டையன்று. வயிற்றில் விரிந்து கழுத்தில் ஒடுங்குவது. அதற்கேற்பப் பூவும் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். எங்கும் பாதிப்பூ நின்றுவிடக் கூடாது. நூற்றுக்கணக்கான பூக்களை இவ்வாறு ஒரே குடத்தில் கையால் எழுதினார் அவர்.

அவருடைய முதுமைக்காலப் படைப்புகளில் பொன்னும் வெள்ளியும் சேர்ந்தன. இங்கே வேதியியல் குறுக்கிட்டது. வெள்ளி 962 பாகையில் உருகும். பொன் 1,064 பாகையில் உருகும். இரண்டையும் ஒரே சூட்டில் பதிப்பது அரிது. மேலும் வெள்ளி நாளடைவில் கறுக்கும். தொமிமொதோ வெள்ளியோடு பிளாட்டினத்தைக் கலந்து, 1950களின் தொடக்கத்தில் இரு சிக்கல்களையும் தீர்த்தார். சிவந்த தளத்தின்மேல் பொன்னிலும் வெள்ளியிலும் எழுதிய பெரணி இலைக் கோலங்கள் இதன் பயனாய்ப் பிறந்தன. 1959இல் செய்த எண்கோணப் பேழையை நிழற்படத்திலேனும் மாணவர்கள் பார்க்க வேண்டும்.

ஆயினும் ஒரு தடையை எழுப்பாமல் இதைக் கடக்கலாகாது. நான்கிதழ்ப் பூவையும் பெரணியையும் ஆண்டுக்கணக்கில் அவர் திரும்ப எழுதினாரே, அது கோலத்திலிருந்து பிறந்த கோலம் ஆகாதா? நம் மதிப்பீட்டில், சில கலங்களில் அந்தக் குற்றச்சாட்டு ஓரளவு பொருந்தும். பொன்னின் பகட்டு கண்ணை நிறைக்கும்போது செடியின் நினைவு மங்கிவிடுகிறது. அவருடைய நீல வண்ண நிலக்காட்சித் தட்டுகளில் உள்ள மழையின் ஈரம் பேழைகளில் இல்லை. எனினும் அந்தப் பூ வேறொருவர் கலத்திலிருந்து எடுத்ததன்று. தம் தோட்டத்துச் செடியைத் தாமே பலமுறை அறுவடை செய்தார் என்று கொள்ளலாம்.

இந்த உயரத்தை அவர் அமைதியான வாழ்க்கையில் எட்டவில்லை. போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், தோக்கியோ நுண்கலைப் பள்ளிப் பேராசிரியர் பதவியைத் துறந்தார். இல்லத்தையும் சூளையையும், எழுத்தாளரான மனைவி கசுவேயையும் பிரிந்தார். முதலில் பிறந்த ஊருக்கும் பின்னர்க் கியோத்தோவுக்கும் சென்றார். அறுபது வயதில் சொந்தச் சூளை இல்லாத கலைஞராக மறுபடியும் தொடங்கினார். முன்னே சொன்ன பொன் வெள்ளிப் படைப்புகள் யாவும் இதற்குப் பிற்பட்டவை. 1955ஆம் ஆண்டு, மக்கள் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்றழைக்கும் தகுதி முதன்முறையாக வழங்கப்பட்டபோது, வண்ணப் பீங்கானுக்காக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1961இல் பண்பாட்டு விருதையும் பெற்றார்.

அருங்காட்சியகப் பேழையோடு அவர் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டுப்புறக் கைவினைகளைப் போற்றிய யானாகி சொயெட்சுவும் அவரும் தொடக்கத்தில் தோழர்கள். 1926இல் நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்திற்கான அறிக்கையில் இருவர் பெயரும் உண்டு. பின்னர்ப் பிரிந்தனர். பெயரறியாக் கைவினைஞரின் தன்னுணர்வற்ற அழகே உயர்ந்தது என்றார் யானாகி. தன்னுணர்வோடு படைப்பதை விட்டுக்கொடுக்கத் தொமிமொதோ இசையவில்லை. ஆனால் எளியோர் வாங்கும் விலையில் நல்ல கலம் கிடைக்க வேண்டும் என்பதில் அவர் செயலளவில் முனைந்து நின்றார். ஷிகராகி, ஹசாமி முதலிய உற்பத்தி ஊர்களுக்குச் சென்று, அங்குள்ள தொழிலாளர் வனைந்த கலங்களில் தாமே கோலம் எழுதினார். கியோத்தோவிலும் அன்றாடக் கலங்களுக்கு மாதிரி வரைந்து கொடுத்து, அவற்றைப் பிறர் செய்ய வைத்தார்.

இறுதியாக ஆசிரியர்களுக்குரிய ஒரு கேள்வி. 1950 முதல் அவர் கியோத்தோ நகரக் கலைக் கல்லூரியில் கற்பித்தார். 1963இல், மறைவதற்குச் சிறிது முன்னர், அதன் தலைவராகவும் ஆனார். பிறர் கோலத்தைப் பின்பற்றாதே என்பது பாடமானால், மாணவன் ஆசிரியரின் கோலத்தை என்ன செய்வது? பின்பற்றினால் பாடத்தை மீறியவன் ஆகிறான். பின்பற்றாவிட்டால் எதைக் கற்றான் என்று காட்ட முடியாது. அந்தோவில் அவருக்கு உதவியாளராக இருந்த கொந்தோ யூசோ, நீல வண்ணத்தில் மாதுளையையும் ஃபூஜி மலையையும் வீச்சான தூரிகையால் எழுதி, 1977இல் அதே தேசியத் தகுதியைப் பெற்றார். தோக்கியோவில் பயின்ற ஃபுஜிமொதோ யோஷிமிச்சி, பறவைகளை நேரில் கண்டு ஓவியம்போலவே பீங்கானில் தீட்டி, 1986இல் அதைப் பெற்றார். அவர்கள் புகழுக்குக் காரணமான கலங்களில் நான்கிதழ்ப் பூவும் இல்லை, பெரணியும் இல்லை.

இத்துடன் உரையை நிறுத்தி, உங்கள் வினாக்களை எதிர்நோக்குகிறோம்.