கூலியிலும் குடியிருக்கும் புனிதம்

புனிதம் என்றதும் ஆலயமும் வழிபாடும்தான் நினைவுக்கு வரும். யூதர்களின் வேதமான தோராவில் மூன்றாவது நூல் லேவியராகமம். இறைவன் புனிதர் என்பதால் மக்களும் புனிதராக வாழவேண்டும் என்று கூறித் தொடங்குகிறது அதன் 19ஆம் அதிகாரம். அடுத்து அது அழைத்துச் செல்லும் இடங்களில் வயலும் உண்டு, சந்தையும் உண்டு.

அறுவடையில் வயலோரத்தையும் சிந்திய கதிர்களையும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும். தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கவேண்டும். கூலியாளின் சம்பளம் விடியும்வரை முதலாளியிடம் தங்கக்கூடாது. வயலோரப் பங்கு 60இல் 1க்குக் குறையக்கூடாது எனப் பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட மிஷ்னா அளவும் வகுத்தது.

இந்தச் சட்டம் வாழவைத்தவர்களுள் ஒருத்தி ரூத். மோவாப் நாட்டு விதவையான அவள், பெத்லகேமில் போவாசின் வயலில் கதிர் பொறுக்கி மாமியாரையும் காப்பாற்றினாள் என்கிறது வேதம். அவளுடைய கொள்ளுப்பேரன்தான் தாவீது மன்னர்.

அன்றாடக் கூலிதான் தொழிலாளி வீட்டில் அன்றிரவு எரியும் அடுப்பு. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பிரார்த்தனைக்கு அமர்ந்தால் நிறைவு வருமா? பொழுது சாயுமுன் கூலியைக் கொடுக்கும் கையும் இறைவனைத் தொழும் கைதான்.